கையில் ஒரு ரோமானிய வெண்கலக் காசு: முகத்தைக் கடைசியில் பாருங்கள்

தேய்ந்து கறுத்து, எழுத்தில் பாதி அழிந்த ரோமானியக் காசு ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலோர் முகத்தைப் பார்த்து, "இது எந்தப் பேரரசர்?" என்று தேடத் தொடங்குகிறார்கள். மூக்கோடு மூக்கை ஒப்பிட்டு மணிக்கணக்கில் அலைவதற்குக் காரணம் இந்தத் தொடக்கமே. முதல் இரண்டு நூற்றாண்டுகளின் பெரிய காசுகளில் முகம் உண்மையான உருவப்படம். அங்கே அது கைகொடுக்கும். இன்று அதிகமாகக் கிடைப்பவையோ 3ஆம், 4ஆம் நூற்றாண்டுகளின் சிறு காசுகள். கான்ஸ்டன்டைன் குடும்பத்தின் காலத்திலிருந்து தந்தை, மகன், தம்பி எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே முகம்தான் அச்சில் வெட்டப்பட்டது. அதனால் எடை, விட்டம், தலையில் அணிந்திருப்பது, பின்பக்க உருவம், அதற்கு அடியில் இருக்கும் எழுத்து என்ற வரிசையில் போங்கள். நாலாவது படியிலேயே பல காசுகள் பத்து இருபது ஆண்டு இடைவெளிக்குள் வந்து நின்றுவிடும். பெயர் அதன் பிறகு தானாக வந்து பொருந்தும்.

முதலில் தேவைப்படுபவை

0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு, டிஜிட்டல் காலிப்பர், 10 மடங்கு பெரிதாக்கும் லூப், திசை மாற்றக்கூடிய ஒற்றை விளக்கு. இவ்வளவு போதும். இவற்றில் விளக்குக்குத்தான் மதிப்பு அதிகம். மேலிருந்து நேராக ஒளி விழுந்தால் தேய்ந்த எழுத்து தட்டையாகி மறைந்துவிடும். விளக்கைக் காசின் மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கவாட்டில் சாய்வாக ஒளி விழும்படி வைத்து, காசை மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் இல்லாத எழுத்தின் கால் இன்னொரு கோணத்தில் நிழலாக எழும். நான்கு திசைகளிலிருந்து நான்கு படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், லூப்பில் தெரியாததும் சில சமயம் தெரியும்.

துலக்கிப் பார்த்தால் நன்றாகத் தெரியுமே என்று தோன்றும். வேண்டாம். எலுமிச்சைச் சாறு, வினிகர், பித்தளை பாலிஷ், கம்பி பிரஷ் எல்லாமே களிம்பைக் கரைத்தோ சுரண்டியோ எடுத்துவிடும். ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேல் மண்ணில் கிடந்த காசில் எழுத்தின் வடிவம் பல இடங்களில் உலோகத்தில் இல்லை, அந்தக் களிம்புப் படலத்தில்தான் இருக்கிறது. படலம் போனால் எழுத்தும் போய், அடியில் குழிகள் விழுந்த சிவப்புச் செம்பு மட்டும் மிஞ்சும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊற வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றி, மென்மையான பல் பிரஷ்ஷாலும் மரப் பற்குச்சியாலும் எடுங்கள். வாரக்கணக்கில் ஆகலாம், ஆகட்டும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தாமதிக்கக் கூடாது. கரும்பச்சைக் களிம்பு கெட்டியாக, வழுவழுப்பாக இருந்தால் அது காசைக் காப்பது. வெளிர்பச்சை நிறத்தில் பொடியாகப் பூத்து, தொட்டால் உதிர்ந்தால் அது குளோரைடால் வரும் அரிப்பு. ஈரம் இருக்கும்வரை உள்ளே தின்றுகொண்டே போகும். அந்தக் காசை உடனே தனியாக எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மற்ற ஆராய்ச்சி பிறகு.

எடையும் விட்டமும் சொல்வது

நாம் பொதுவாக வெண்கலம் என்று சொன்னாலும் ரோமானியர் ஒரே உலோகத்தில் அடிக்கவில்லை. கி.மு. 23 வாக்கில் அகஸ்டஸ் ஒழுங்குபடுத்திய முறையில் செஸ்டர்டியஸும் டுபோண்டியஸும் ஒரிகால்கம் என்ற, செம்பும் துத்தநாகமும் கலந்த மஞ்சள் உலோகத்தில் வந்தன. அஸ் என்ற காசும் மிகச் சிறிய குவாட்ரன்ஸும் செம்பில் வந்தன. நான்கு செஸ்டர்டியஸ் ஒரு வெள்ளி டெனாரியஸ். இரண்டு டுபோண்டியஸ் அல்லது நான்கு அஸ் ஒரு செஸ்டர்டியஸ்.

32 முதல் 36 மில்லிமீட்டர் அகலமும் 25 கிராமை ஒட்டிய எடையும் இருந்தால் அது 1ஆம் அல்லது 2ஆம் நூற்றாண்டின் செஸ்டர்டியஸ். 3ஆம் நூற்றாண்டின் நடுவில் அதே காசு 20 கிராமுக்கும் கீழே இறங்கி, விளிம்பு சதுரமாக வெட்டுப்பட்டது போலவும் இருக்கும். 25 முதல் 29 மில்லிமீட்டரும் 9 முதல் 13 கிராமும் என்றால் அஸ் அல்லது டுபோண்டியஸ். இதே அளவில் இன்னொரு காசும் உண்டு: கி.பி. 294 வாக்கில் டையோக்ளீஷியன் கொண்டுவந்த, இன்று ஃபோலிஸ் என்றோ நும்முஸ் என்றோ அழைக்கப்படும் காசு, சுமார் 10 கிராம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. பழைய அஸ்ஸில் பின்பக்கத்தில் பெரிதாக எஸ் சி என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும், "செனட்டின் ஆணைப்படி" என்று பொருள். ஃபோலிஸில் அது இருக்காது. பதிலாக அடியில் அச்சகத்தின், அதாவது காசு அடித்த சாலையின், குறி இருக்கும். அதன் தட்டையான, அகன்ற வில்லையும் (அச்சடிக்கும் உலோகத் தட்டு) சதுர தாடையுள்ள தலையும் பழகிய கண்ணுக்கு உடனே தெரியும்.

20 முதல் 23 மில்லிமீட்டர், 3 முதல் 4 கிராம், தலையில் கூரிய கதிர்கள் என்றால் 3ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. 20 மில்லிமீட்டருக்குக் கீழே, கதிர்முடி இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் 4ஆம் நூற்றாண்டு. சேகரிப்போர் பிற்காலக் காசுகளை விட்டத்தை மட்டும் வைத்து ஏஈ 1 முதல் ஏஈ 4 வரை (ஏஈ என்பது செம்பு, வெண்கலத்துக்கான லத்தீன் சொல்லின் சுருக்கம்) பிரிக்கிறார்கள்: 25 மில்லிமீட்டருக்கு மேல் ஒன்று, 21 முதல் 25 வரை இரண்டு, 17 முதல் 21 வரை மூன்று, 17க்குக் கீழே நான்கு. அந்தக் காசுகளின் அன்றைய பெயர்கள் பலவற்றுக்கு உறுதி இல்லை என்பதால் வந்த ஏற்பாடு இது.

விளிம்பு உடைந்திருந்தால் எடையை நம்பாதீர்கள். கெட்டியாக மண் அப்பியிருந்தாலும் அப்படியே. அரித்துப்போன காசு தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட இழந்திருக்கலாம். ஆகவே எடை ஒரு எல்லையைத்தான் தரும்.

தலையில் என்ன இருக்கிறது

லாரல் இலைமாலை, கதிர்முடி, முத்து அல்லது ரோஜா வில்லைகள் கோத்த நெற்றிப்பட்டை, தலைக்கவசம், வெறுந்தலை: பெரும்பாலும் இந்த ஐந்தில் ஒன்றாக இருக்கும். பின்தலையில் தொங்கும் முடிச்சின் இரண்டு நுனிகளைத் தேடுங்கள். மேல்பகுதி தேய்ந்தாலும் அது நிற்கும். நெற்றிப்பட்டை கான்ஸ்டன்டைனின் கடைசிக் காலத்தில், 324க்குப் பின் வருகிறது. எனவே பட்டை இருந்தால் அதற்கு முந்தைய பேரரசர்கள் அனைவரையும் ஒரே வீச்சில் ஒதுக்கிவிடலாம். வெறுந்தலை பெரும்பாலும் சீசர் பட்டம் மட்டும் பெற்ற இளவரசரைக் குறிக்கும்.

கதிர்முடி என்றால் இரட்டை மதிப்பு. நீரோ காலத்திலிருந்து டுபோண்டியஸில் கதிர்முடியும் அஸ்ஸில் இலைமாலையும் வைக்கும் வழக்கம் நிலைபெற்றது; அளவில் ஒன்றுபோல் இருக்கும் இரண்டையும் பிரிக்க இதைவிட எளிய வழி இல்லை. இதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. டைபீரியஸ் காலத்தில், இறந்து தெய்வமாக்கப்பட்ட அகஸ்டஸின் பெயரில் வந்த செப்பு அஸ்ஸில் தலை கதிர்முடியோடு இருக்கும்; பின்பக்கத்தில் ஒரு பலிபீடமும் அதன் கீழ் "ப்ராவிடென்ட்" என்ற எழுத்தும். கதிரைப் பார்த்து டுபோண்டியஸ் என்று எழுதினால் தவறு. பேரரசிகளின் காசுகளில் கதிர்முடியே வராது. ஆகவே அவர்களின் அஸ்ஸையும் டுபோண்டியஸையும் உலோகத்தின் நிறத்தால்தான் பிரிக்க வேண்டும். ஏற்கெனவே தேய்ந்து உலோகம் வெளிப்பட்ட இடத்தில் மஞ்சளா சிவப்பா என்று பாருங்கள். இதற்காகக் காசைச் சுரண்டாதீர்கள்.

தாடியும் உதவும். ஹாட்ரியனுக்கு, அதாவது 117க்கு முன் மழித்த முகம் வழக்கம். அவரிலிருந்து 4ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, சிறுவர்களைத் தவிர, தாடி. கான்ஸ்டன்டைனுக்குப் பின் மீண்டும் மழித்த முகம். அந்தப் பிற்காலத்தில் தாடியோடு ஒருவர் தெரிந்தால் பெரும்பாலும் ஜூலியன், அல்லது வெட்ரானியோ, ப்ரொக்கோபியஸ், யூஜீனியஸ் போன்ற குறுகிய காலம் அரியணையைப் பிடித்த ஒருவர்.

பெரிய காசுகள்: இங்கே முகமும் பட்டங்களும்

1ஆம், 2ஆம் நூற்றாண்டுக் காசாக இருந்தால் முகத்தைப் பார்க்கலாம். நீரோவின் கொழுத்த கழுத்து, வெஸ்பாசியனின் வழுக்கையும் சுருங்கிய முகமும், நெர்வாவின் ஒல்லியான நீண்ட கழுத்தும் வளைந்த மூக்கும், டிராஜனின் நெற்றியில் நேராக வெட்டிவிட்டது போன்ற முடி, செப்டிமியஸ் செவரஸின் சுருள்சுருளாகப் பிரிந்த தாடி ஆகியவை எழுத்தே இல்லாவிட்டாலும் தெரியும்.

ஆண்டைச் சொல்பவை பட்டங்கள். டி ஆர் பி என்பது மக்கள் தீர்ப்பாளர் அதிகாரம். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்பட்டதால் அதன் எண் தெரிந்தால் ஆண்டும் தெரியும். மார்க்கஸ் ஆரேலியஸின் காசில் 18 என்ற எண் இருந்தால் அது 163 டிசம்பரிலிருந்து 164 டிசம்பர் வரை. சி ஓ எஸ் என்பது கான்சல் என்ற உயர் ஆட்சிப் பதவி. இதன் எண் சில பேரரசர்களுக்கு நன்றாக உதவும், சிலருக்கு உதவாது. டிராஜனுக்கு ஐந்தாவது கான்சல் பதவி 103இல், ஆறாவது 112இல். ஆகவே இடைவெளி நெருக்கமானது. ஹாட்ரியன் 119இல் மூன்றாவது முறை ஏற்றபின் இறக்கும்வரை ஏற்கவில்லை. அந்த எண் 19 ஆண்டுக்குப் பொதுவானது. டிராஜனுக்குச் சிறப்புப் பட்டங்களும் உண்டு: டேசிக்கஸ் 102இல், ஆப்டிமஸ் 114இல், பார்த்திக்கஸ் 116இல். எந்தப் பட்டம் இருக்கிறது என்பதோடு எந்தப் பட்டம் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு என்ற எண்ணை அவர்கள் பெரும்பாலும் நான்கு கோடுகளாகவே எழுதினார்கள்.

பின்பக்கத்தில் நிற்கும் பெண் உருவங்கள், அதாவது நீதி, நலம், வெற்றி போன்றவற்றின் தெய்வங்கள், ஒன்றுபோலத் தோன்றும். முகத்தையும் உடையையும் விட்டுவிட்டுக் கையில் உள்ளதைப் பாருங்கள். தராசும் வளக்கொம்பும் (பழங்கள் நிரம்பி வழியும் கொம்பு) என்றால் ஏக்விடாஸ் அல்லது மொனேட்டா. சுக்கானும் வளக்கொம்பும் ஃபோர்ச்சூனா. காலடியில் தானிய மரக்கால் இருந்தால் அன்னோனா. பாம்புக்கு உணவூட்டினால் சாலுஸ். ஒரு கையில் பூ, மறுகையில் பாவாடை நுனி என்றால் ஸ்பெஸ். பாம்பு பின்னிய தண்டம் என்றால் ஃபெலிசிடாஸ். தூணில் சாய்ந்திருந்தால் செகூரிடாஸ். ஆலிவ் கிளை என்றால் பாக்ஸ். இறக்கை இருந்தால் வெற்றித் தெய்வமான விக்டோரியா, சந்தேகமே இல்லை.

எழுத்து கிரேக்கமாக இருந்தால் அது பேரரசின் கிழக்கு நகரங்கள் தங்களுக்காக அடித்த மாகாணக் காசு; அதற்கு நூல்களும் வரிசையும் வேறு. இதிலும் ஒரு பொறி: அந்தியோக்கியாவின் மாகாணக் காசில் முன்பக்கம் கிரேக்கமும், பின்பக்கம் மாலைக்குள் எஸ் சி என்ற லத்தீன் எழுத்துகளும் இருக்கும். எஸ் சி கண்டதும் ரோமில் அடித்தது என்று முடிவுகட்டாதீர்கள்.

கதிர்முடிச் சிறுகாசுகள்

கரகல்லா 215இல் தொடங்கிய, இன்று அன்டோனினியானுஸ் என்று சொல்லப்படும் காசு முதலில் வெள்ளி. 260களுக்குள் அது வெள்ளிப்பூச்சு மட்டும் போட்ட செம்பாகிவிட்டது. பூச்சு பெரும்பாலும் போய்விட்டிருக்கும். இரண்டாம் கிளாடியஸ், விக்டோரினஸ், டெட்ரிகஸ் ஆகியோரின் காசுகள் ஏராளம். வில்லை அச்சைவிடச் சிறியதாக இருந்ததால் எழுத்தில் பாதி விளிம்புக்கு வெளியே போயிருக்கும். தேய்ந்ததால் அழிந்த எழுத்து வேறு, முதலிலேயே பதியாத எழுத்து வேறு. இரண்டாவதை எந்தத் துலக்கலும் கொண்டுவராது.

ஆரேலியன் 274இல் செய்த சீர்திருத்தத்துக்குப் பின் காசு சற்றுப் பெரிதாகி, அடியில் எக்ஸ் எக்ஸ் ஐ என்ற குறி வருகிறது. இது ஆட்சியாண்டு அல்ல. 20 பங்கு செம்புக்கு 1 பங்கு வெள்ளி என்ற கலவையைச் சொல்வதாகப் பொதுவாக ஏற்கப்படுகிறது. கிழக்கில் இதையே கிரேக்க எண்ணாக, கே ஏ என்று போட்டார்கள். 294க்குப் பிறகும் சில கதிர்முடிக் காசுகள் வந்தன. அவற்றில் இந்தக் குறி இருக்காது என்பதால் பிரித்துவிடலாம்.

எழுத்து உளறலாக, முகம் குழந்தை வரைந்தது போல, எடை 2 கிராமுக்கும் குறைவாக இருந்தால் போலி என்று எறிந்துவிடாதீர்கள். 270களிலும் 280களிலும் கோல் (இன்றைய பிரான்ஸ்), பிரிட்டன் பகுதிகளில் சில்லறைத் தட்டுப்பாட்டைப் போக்க மக்களே அடித்துக்கொண்ட நகல்கள் அவை. அவையும் பழங்காசுகளே.

4ஆம் நூற்றாண்டு: பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும். இங்கே பின்பக்கக் காட்சி நாள்காட்டி போல வேலை செய்கிறது, ஏனென்றால் பல அச்சகங்கள் ஒரே காலத்தில் ஒரே காட்சியை அடித்தன.

இரண்டு விக்டோரியாக்கள் எதிரெதிரே நின்று நடுவில் பலிபீடத்தின் மேல் கேடயம் பிடித்திருந்தால் 318 முதல் 320 வரை. பலிபீடம் இல்லாமல் இருவரும் மாலை ஏந்தி நின்றால், எடையும் ஒன்றரை கிராம் அளவில் இருந்தால், 347–348. முப்பது ஆண்டு வித்தியாசம் அந்தப் பலிபீடத்தில் இருக்கிறது. கல் அடுக்கிய கோட்டை வாசலும் மேலே இரண்டு கோபுரங்களும் ஒரு நட்சத்திரமும் என்றால் பெரும்பாலும் 324 முதல் 330. இந்தக் கோட்டைக் காசில் பின்பக்க எழுத்தே ஆளின் தகுதியைச் சொல்லிவிடும்: "ப்ராவிடென்டியே" என்பதற்குப் பின் ஏ வி ஜி ஜி வந்தால் காசு பேரரசருடையது, சி ஏ இ எஸ் எஸ் வந்தால் சீசரான மகன்களில் ஒருவருடையது.

330இல் தொடங்குவது "குளோரியா எக்ஸர்சிட்டுஸ்" என்ற எழுத்துள்ள காசு: ஈட்டியோடு இரண்டு வீரர்கள், நடுவில் படைக்கொடி. கொடிகளை எண்ணுங்கள். இரண்டு கொடி என்றால் 330 முதல் 335 வரை, 17–18 மில்லிமீட்டர், சுமார் இரண்டரை கிராம். ஒரே கொடி என்றால் 335 முதல் 341 வரை, 15–16 மில்லிமீட்டர், ஒன்றரை கிராம். தேய்ந்த காசில் வீரர்கள் இரண்டு தூண்கள் போலவும் கொடிகள் கோடுகள் போலவும்தான் தெரியும். வீரர்களுக்கு நடுவே எத்தனை கோடு என்று பார்த்தால் போதும்.

இதே ஆண்டுகளில் பேரரசரின் பெயரே இல்லாத இரண்டு காசுகளும் வந்தன. கவசத் தலையோடு இடப்பக்கம் பார்க்கும் உருவமும் பின்னால் இரட்டைக் குழந்தைகளுக்குப் பாலூட்டும் பெண் ஓநாயும் ரோம் நகருக்கானது. கப்பலின் முகப்பில் கால்வைத்து நிற்கும் விக்டோரியா கான்ஸ்டான்டினோபிள் நகருக்கானது. முன்பக்க எழுத்து நகரின் பெயர். அதில் பேரரசரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். முக்காடிட்ட தலை தெரிந்தால் 337இல் இறந்த கான்ஸ்டன்டைனுக்கு நினைவாக அடித்தது; நான்கு குதிரைத் தேரும் மேலிருந்து நீளும் கையும் பின்பக்கத்தில் இருந்தால் முற்றிலும் உறுதி.

348இல் "ஃபெல் டெம்ப் ரெபாராட்டியோ" வரிசை. இதில் பல காட்சிகள்: குடிசையிலிருந்து ஒருவனை இழுத்து வருதல், கப்பலில் நிற்கும் பேரரசர், உருண்டை மேல் பீனிக்ஸ் பறவை. எல்லாவற்றிலும் அதிகம் கிடைப்பது, விழும் குதிரையின் மேல் இருப்பவனை வீரன் ஈட்டியால் குத்துவது. தேய்ந்த நிலையில் இது வெறும் குழப்பமாகத் தெரியும். இடப்பக்கம் சாய்ந்து பாயும் உயரமான உருவமும் வலப்பக்க மூலையில் குதிரையின் பின்புறமும் தெரிந்தால் அதுதான். பெரிய கை-ரோ குறி (கிறிஸ்துவின் பெயரின் முதல் இரண்டு கிரேக்க எழுத்துகள் பின்னியது) பின்பக்கம் முழுவதையும் நிறைத்திருந்தால் 350 முதல் 353 வரை கிளர்ச்சியாக ஆண்ட மாக்னென்டியஸ் பக்கத்தவர். பெரிய காளையும் மேலே இரண்டு நட்சத்திரமும் என்றால் ஜூலியன்.

364க்குப் பின் இரண்டு காட்சிகள் எங்கும் நிறைந்திருக்கும். மாலையோடு இடப்பக்கம் நடக்கும் விக்டோரியா ஒன்று. கைதியின் தலைமுடியைப் பிடித்து இழுக்கும் பேரரசர் மற்றது. விக்டோரியாவே கைதியை இழுத்துச் சென்றால், காசும் 12–14 மில்லிமீட்டர்தான் என்றால், 383க்குப் பிறகு. மாலைக்குள் வெறும் எழுத்தும் எண்ணுமாக இருப்பவை பேரரசர் எடுத்த நேர்ச்சையின் ஆண்டுகளைச் சொல்பவை.

பெயரைப் படித்தல்

பெரும்பாலான காசுகளில் எழுத்து கடிகாரத்தின் 7 மணி இடத்தில் தொடங்கி வலமாக ஓடும். 1ஆம் நூற்றாண்டில் சில இடமாகவும் ஓடும். சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. யு என்ற எழுத்து இல்லை, வி மட்டுமே. பிற்காலத்தில் ஏ எழுத்துக்குக் குறுக்குக் கோடு இருக்காது, தலைகீழ் வி போல நிற்கும். என் எழுத்து ஹெச் போலத் தெரியும்.

தெரியும் எழுத்துகளை மட்டும் எழுதிக்கொண்டு, தெரியாததற்குப் புள்ளி வையுங்கள். பிறகு புள்ளிகளை எண்ணுங்கள். தொடக்கத்தில் ஐ எம் பி இருந்தால் முந்தைய காலம். டி என் இருந்தால் 4ஆம் நூற்றாண்டு அல்லது அதற்குப் பின். முடிவில் ஏ வி ஜி என்றால் பேரரசர். நோப் சி என்றால் சீசர்.

கான்ஸ்டன்டைன் குடும்பத்தில் மூன்று பெயர்கள்: கான்ஸ்டன்டினுஸ் 12 எழுத்து, கான்ஸ்டன்டியுஸ் 11, கான்ஸ்டன்ஸ் 8. முதல் ஏழு எழுத்து மூன்றுக்கும் ஒன்றே. எட்டாவதாக எஸ் வந்தால் கான்ஸ்டன்ஸ். எட்டாவது டி, ஒன்பதாவது ஐ என்றால் பத்தாவது எழுத்து தீர்ப்புச் சொல்லும்: என் என்றால் கான்ஸ்டன்டைன், வி என்றால் கான்ஸ்டன்டியஸ். மாக்ஸ் என்ற சொல் இருந்தால் தந்தை. ஐ வி என் நோப் சி என்று முடிந்தால் அதே பெயருடைய மகன்.

அடிக்கோட்டுக்குக் கீழே

பின்பக்க உருவத்தின் காலடியில் ஒரு கோடும் அதன் கீழே சில எழுத்துகளும் இருக்கும். அச்சகமும் அதற்குள் எந்தப் பட்டறை என்பதும் அங்கே. எஸ் எம் என்பது "புனித நாணயம்" என்ற முன்னொட்டு; அதை நீக்கிவிட்டுப் படியுங்கள். ஆர் அல்லது ஆர் எம் ரோம், டி ஆர் டிரியர், ஏ க்யூ அக்விலேயா, எஸ் ஐ எஸ் இன்றைய குரோவேஷியாவின் சிசாக் ஆன சிஸ்கியா, டி எஸ் தெசலோனிகா, ஹெச் ஹெராக்ளியா, என் நிக்கோமீடியா, கே சிஸிகஸ், ஏ என் டி அந்தியோக்கியா, ஏ எல் இ அலெக்ஸாண்டிரியா. பட்டறை எண்ணை மேற்கில் பி, எஸ், டி, க்யூ என்ற லத்தீன் வரிசை எழுத்துகளாலும், கிழக்கில் ஆல்ஃபா, பீட்டா, காமா என்றும் குறித்தார்கள்.

இரண்டு இடத்தில் எல்லாரும் இடறுவார்கள். முதலாவது, அடியில் டி ஆர் பி இருந்தால் அது தீர்ப்பாளர் அதிகாரம் அல்ல. டிரியரின் முதல் பட்டறை. இரண்டாவது, கான்ஸ் என்ற எழுத்துகள். கான்ஸ் முதலில் வந்து பின்னால் கிரேக்க எழுத்து இருந்தால் கான்ஸ்டான்டினோபிள். முன்னால் பி அல்லது எஸ் வந்து கான்ஸ்ட் என்று முடிந்தால் தெற்கு பிரான்ஸின் ஆர்ல். அந்த நகருக்கு 328இல் கான்ஸ்டன்டினா என்று பெயர் மாற்றியதால் வந்த குழப்பம் இது.

ஒரு காசை முழுக்கப் பார்ப்போம்

17.5 மில்லிமீட்டர், 2.2 கிராம். முத்துப்பட்டை அணிந்த மழித்த தலை, வலப்பக்கம் பார்க்கிறது. பின்பக்கம் மாலையோடு இடப்பக்கம் நடக்கும் விக்டோரியா. ஆக 364க்குப் பின். முன்பக்கத்தில் டி என் வி ஏ எல் வரை தெரிகிறது; முடிவில் ஏ வி ஜி. வாலன்டினியனா, வாலன்ஸா? பல காசுகளில் தலைக்கு மேல் எழுத்து உடைகிறது. முதலாம் வாலன்டினியன் என்றால் உடைப்புக்கு முன் 11 எழுத்து, பின் 9. வாலன்ஸ் என்றால் முன் 7, பின் 6. தெரியும் ஐந்து எழுத்துகளின் அகலத்தைக் காலிப்பரால் அளந்து, தலைக்கு மேலுள்ள இடைவெளி வரை இன்னும் எத்தனை எழுத்து கொள்ளும் என்று கணக்கிடுங்கள். இரண்டு மட்டுமே கொள்ளும் என்றால் வாலன்ஸ், 364–378. அடியில் பீட்டாவும் சிஸ்க் என்ற எழுத்துகளும்: சிஸ்கியா, இரண்டாவது பட்டறை. விக்டோரியாவின் இருபுறமும் தனி எழுத்தோ நட்சத்திரமோ இருந்தால் ஆண்டு இன்னும் குறுகும்.

எண் தர விரும்பினால் ஆர்ஐசி (ரோமன் இம்பீரியல் காயினேஜ்) என்று சுருக்கமாக அழைக்கப்படும் பத்துத் தொகுதி அட்டவணையில் தேடுங்கள். அமெரிக்க நாணயவியல் கழகத்தின் பங்களிப்போடு இயங்கும் ஓக்ரே என்ற இணையத் தரவுத்தளத்தில் இலவசமாகவும் தேடலாம். முதல் ஐந்து தொகுதிகள் பேரரசர் வாரியாகவும், 294இல் தொடங்கும் ஆறாவது முதல் ஒன்பதாவது வரை அச்சகம் வாரியாகவும் அடுக்கப்பட்டவை. அதனால் பிற்காலக் காசுக்குத் தொகுதி, அச்சகம், எண் மூன்றையும் எழுதாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

உண்மையானதா?

விளிம்பைச் சுற்றி மெல்லிய தையல் கோடு அல்லது அதை மறைத்த அரச் சுவடு, பரப்பில் ஊசிமுனைக் குமிழிகள், எழுத்தின் ஓரங்கள் சோப்பு போல மழுங்கியிருத்தல்: வார்த்து எடுத்த நவீனப் போலியின் அடையாளங்கள். அடித்த காசில் விளிம்பு வெடித்திருப்பது இயல்பு. உலோகம் வெளிநோக்கி ஓடிய கோடுகளும் தெரியும். இரண்டு காசுகள் ஒரே தேய்மானத்தோடும் ஒரே மையப் பிசகோடும் இருந்தால் இரண்டும் ஒரே வார்ப்பிலிருந்து வந்தவை. செஸ்டர்டியஸில் இன்னொரு கவலை: முடியையும் எழுத்தையும் கருவியால் மீண்டும் செதுக்குவது. களிம்பு முழுக்கச் சீராக இருக்க, முடிக்கற்றைகளின் பள்ளத்தில் மட்டும் அது அறுபட்டிருந்தால் பிற்காலக் கை பட்டிருக்கிறது. அப்பழுக்கற்ற வட்டமும் அச்சிட்ட புத்தகம் போன்ற எழுத்துமாக இருக்கும் பெரிய காசு 16ஆம் நூற்றாண்டில் பதுவாவின் ஜியோவானி டா கவீனோ செய்த பதக்கமாகவோ அதன் நகலாகவோ இருக்கலாம்.

சீட்டில் எழுத வேண்டியது

பேரரசர், ஆண்டு எல்லை, வகை, விட்டம், எடை, இரண்டு பக்க எழுத்து, உருவம், அச்சகக் குறி, அச்சுக் கோணம். கோணத்துக்கு முன்பக்கத் தலை நேராக இருக்கும்படி காசின் இரு ஓரத்தைப் பிடித்து, செங்குத்து அச்சில் திருப்புங்கள். பின்பக்க உருவத்தின் தலை கடிகாரத்தில் எத்தனை மணியைக் காட்டுகிறதோ அதுவே கோணம், பெரும்பாலும் 6 அல்லது 12. எங்கிருந்து வந்தது என்பது தெரிந்திருந்தால் அதையும் எழுதுங்கள். குவியலாகக் கிடைத்த காசுகளைப் பிரிக்காதீர்கள், பிரித்தபின் அந்தத் தகவலை எதனாலும் மீட்க முடியாது. கண்ணால் கண்ட எழுத்தை அப்படியேயும், ஊகித்ததைச் சதுர அடைப்புக்குள்ளும் எழுதுங்கள். அடுத்து அந்தக் காசைப் பார்ப்பவர், வேறொரு விளக்கின் கீழ், அந்த அடைப்புக்குள் இருப்பதைத்தான் முதலில் சரிபார்ப்பார்.